குட்டி ஆணா, பிணையா? காட்டு மான்களின் பிறப்புக் கணக்கு

மதுரங்குளியிலிருந்து வடக்கே போகும் பெருவீதி பாலாவியைத் தாண்டிப் புத்தளம் நகருக்குள் நுழைகிறது. அங்கிருந்து இலவன்குளம் பக்கம் திரும்பிக் கலா ஓயாவைக் கடந்தால் வில்பத்துக் காடு. 1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இந்தக் காட்டின் பரப்பு சுமார் 1,317 சதுர கிலோமீற்றர். மழைநீர் தேங்கும் வில்லுகளின் ஓரப் புற்றரைகளில் பொழுது சாயும் வேளையில் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. கூட்டத்தில் பிணைகளும் குட்டிகளும் நிறைய இருக்கும். முற்றிய கொம்போடு நிற்கும் ஆண்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மான்களுக்குப் பெண்குட்டிதான் அதிகம் பிறக்கும் போலிருக்கிறது என்று பார்ப்பவர் நினைப்பது இயல்பு.

ஆனால் புல்வெளியில் நிற்பவை பிழைத்த மான்கள். பிறந்தவை எத்தனை என்பது வேறு கணக்கு. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றின் இரைகளை ஆராய்ந்து உல்லாஸ் கரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புள்ளிமானிலும் மரையிலும் வளர்ந்த ஆண்களே தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் கொல்லப்படுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. ஆண்மான் தனித்துத் திரிகிறது, சண்டையில் காயப்படுகிறது, இணை தேடும் காலத்தில் கவனம் சிதறுகிறது. இலங்கையில் புலியும் செந்நாயும் இல்லாததால் அந்த வேட்டைக்காரர்களின் இடத்தில் சிறுத்தை மட்டுமே நிற்கிறது. ஆகவே வளர்ந்த மான்களின் ஆண், பெண் விகிதத்தைப் பார்த்துப் பிறப்பு விகிதத்தைச் சொல்ல முடியாது. பிறந்த சில நாட்களுக்குள், குட்டி புதருக்குள் படுத்துக் கிடக்கும்போதே அதைப் பிடித்துப் பால் பார்த்தால்தான் உண்மை தெரியும். கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பிணை ஆண்குட்டி ஈனுவதையோ பெண்குட்டி ஈனுவதையோ எது தீர்மானிக்கிறது?

முட்டைக்கு ஒரு விதி, கருவுக்கு வேறு விதி

வில்பத்து வில்லுகளில் மானோடு ஒரே கரையைப் பங்கிடும் சதுப்புநில முதலைக்கு இந்தக் கேள்விக்கான விடை வெப்பம்தான். சென்னைக்கு அருகே 1976இல் றொமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையில் இந்த முதலையின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் பொரிக்கவைத்துப் பார்த்தார்கள். 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரை எல்லாமே பெண் குஞ்சுகள். 32.5 பாகையில் எல்லாமே ஆண். அதற்குச் சற்று மேலும் கீழும் இரண்டும் கலந்து பிறந்தன. கூடு வெட்டிய மணல் எவ்வளவு சூடு என்பதே அங்கே குஞ்சின் பாலை எழுதுகிறது.

பாலூட்டியான மானுக்கு அந்த வழி இல்லை. விந்தணு எக்ஸ் குரோமோசோமைச் சுமந்து வந்தால் பெண், வை குரோமோசோமைச் சுமந்து வந்தால் ஆண். இந்த ஏற்பாட்டுக்குள்ளும் மான் குடும்பம் ஒரு வேடிக்கையை வைத்திருக்கிறது. குரைக்கும் மான் எனப்படும் கேளையாட்டின் இந்திய இனத்தில் பெண்ணுக்கு 6 குரோமோசோம்கள், ஆணுக்கு 7. பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை இதுதான் என்று 1970இல் அறிவிக்கப்பட்டது. எக்ஸ் குரோமோசோம் இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிப்போனதால் ஆணுக்கு ஒற்றைப்படை எண்ணிக்கை வந்திருக்கிறது. அதன் சீன உறவினனுக்கோ 46. எண்ணிக்கை எப்படி மாறினாலும், பாலைத் தீர்மானிக்கும் முதல் வாய்ப்பு விந்தணுவிடமே இருக்கிறது.

இரண்டு வகை விந்தணுவும் ஏறத்தாழச் சம அளவில் உருவாவதால் நாணயம் சுண்டுவதுபோல் பாதிக்குப் பாதி வரவேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஏன் அப்படி என்பதற்கு றொனால்ட் ஃபிஷர் 1930இல் தெளிவான விளக்கம் தந்தார். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தந்தை, ஒரு தாய். கூட்டத்தில் பெண்கள் மலிந்தால் ஓர் ஆணின் பங்குக்கு வரும் குட்டிகள் கூடும். அப்போது மகன்களை ஈனும் தாய்க்குப் பேரக்குட்டிகள் அதிகம். ஆண்கள் மலிந்தால் கணக்கு மறுபக்கம் திரும்பும். இப்படி இரு பக்கமும் இழுபட்டு விகிதம் நடுவில் வந்து நிற்கிறது.

ஃபிஷரின் கணக்கு முழுக் கூட்டத்துக்கும் பொருந்தும். தனித்தனித் தாய்களுக்கும் அதே கணக்கா என்பது அடுத்து எழுந்த கேள்வி.

வலிய தாயும் வலிய மகனும்

1973இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் றொபர்ட் டிரிவர்ஸும் கணித மாணவர் டான் வில்லார்டும் இரண்டே பக்கம் சொச்சத்தில் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். அவர்கள் கற்பனைக்கு எடுத்துக்கொண்ட விலங்கே வட அமெரிக்காவின் கரிபூ மான்தான். மான்களில் வலிய ஆண் பல பிணைகளோடு சேர்கிறது, மெலிந்த ஆண் ஒன்றோடும் சேராமலே இறந்துபோகலாம். பிணையோ மெலிந்ததாக இருந்தாலும் சில குட்டிகளையாவது ஈன்றுவிடும். எனவே கொழுத்த, பால்வளமுள்ள தாய்க்கு மகன் இலாபம். நோஞ்சான் தாய்க்கு மகள் பாதுகாப்பு. தாயின் உடல்நிலைக்கு ஏற்ப மகன், மகள் விகிதம் சாயும் இயல்பு பரிணாமத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

எழுதுவது எளிது, சோதிப்பது கடினம். அந்தச் சோதனைக்கு வாய்த்த இடம் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ரம் தீவு. 1970களிலிருந்து அங்குள்ள செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, குட்டிகளைப் பிறந்த சூட்டோடு பிடித்துக் குறியிட்டு, தாயையும் சேயையும் ஆயுள் முழுவதும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். டிம் கிளட்டன்-புரொக், ஸ்டீவ் ஆல்பன், பியோனா கின்னஸ் மூவரும் 1984இல் வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. கூட்டத்தில் மற்ற பிணைகளை விரட்டி நல்ல புல்லைப் பிடித்துக்கொள்ளும் மேல்நிலைப் பிணைகள் மகன்களை அதிகம் ஈன்றன, கீழ்நிலைப் பிணைகள் மகள்களை அதிகம் ஈன்றன. மேல்நிலைத் தாய்க்குப் பிறந்த மகன்கள் வளர்ந்து இணைசேர்வதிலும் முந்தி நின்றன. டிரிவர்ஸும் வில்லார்டும் தாளில் எழுதியது புல்வெளியில் நடந்துவிட்டதாகவே பலர் கருதினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஆய்வு நடந்த பகுதியில் வேட்டை நிறுத்தப்பட்டிருந்ததால் வருடா வருடம் பிணைகள் பெருகின. 1999இல் லூஸ்கா குரூக்கும் சக ஆய்வாளர்களும் அதே மான்களின் நீண்ட காலப் பதிவுகளைத் திரும்பப் பார்த்தார்கள். நெரிசல் கூடிய வருடங்களில் மேல்நிலைத் தாய்க்கும் கீழ்நிலைத் தாய்க்கும் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதோடு, நெரிசல் மிகுந்த வருடங்களிலும் மழை கொட்டிய குளிர்காலங்களுக்குப் பிறகும் மொத்தத்தில் ஆண்குட்டிகள் குறைந்தன. அவர்கள் தந்த விளக்கம் இது. ஆண் கரு வேகமாக வளர்கிறது, தாயிடமிருந்து கூடுதலாகக் கேட்கிறது. தீனி தட்டுப்படும்போது முதலில் கலைவது அதுதான். ஆகவே பிறப்பு விகிதத்தின் ஒரு பகுதி கருத்தரிக்கும்போது தீர்மானமாகிறது. மற்றொரு பகுதி கருப்பையில் நடக்கும் இழப்பால் வருகிறது.

எதிர்த்திசைச் சாட்சிகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வடபகுதியில் வெண்வால் மான்களை அடைப்பில் வளர்த்து ஆராய்ந்த லூயிஸ் வெர்மி, ரம் தீவு முடிவுக்குப் பல வருடங்கள் முன்பே, 1969இல், நேர்மாறான ஒன்றைப் பதிவு செய்திருந்தார். அரைவயிறு தீனி கிடைத்த பிணைகளுக்கு ஆண்குட்டிகள் அதிகம் பிறந்தன. வயிறு நிறைய உண்டவற்றுக்குப் பெண்குட்டிகள் கூடின. டிரிவர்ஸ், வில்லார்ட் கணக்கின்படி இது தலைகீழ்.

இதைப் புரிந்துகொள்ள ஆப்பிரிக்காவின் மரங்களில் வாழும் கலாகோ என்ற சிறு விலங்கை ஆராய்ந்த ஆன் கிளார்க் 1978இல் சொன்ன கருத்து உதவுகிறது. மகள்கள் தாயின் எல்லைக்குள்ளேயே தங்கி, மகன்கள் வளர்ந்ததும் ஊர் விட்டுப் போகும் இனங்களில், மகள்தான் நாளைக்குத் தாயின் புல்லுக்கும் நிழலுக்கும் போட்டிக்காரி. இடம் வறண்டிருக்கும்போது மகனைப் பெற்று அனுப்பிவிடுவதே தாய்க்கு நட்டம் குறைந்த வழி. வெண்வால் மானின் மகள்கள் பெரும்பாலும் தாயருகிலேயே தங்குகின்றன, மகன்கள் விலகிப் போகின்றன.

ஐரோப்பாவின் ரோ மானில் குழப்பம் இன்னும் கூடுதல். ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே பருமன், ஓர் ஆண் பல பிணைகளை ஆளும் வழக்கமும் குறைவு. ஆகவே வலிய மகனால் வரும் இலாபம் சிறியது. மார்க் ஹியுசனும் ஜோன்-மிஷெல் கையாரும் 1996இல் காட்டிய சான்றுப்படி, நல்ல உடல்நிலையிலுள்ள ரோ பிணைகள் மகள்களை அதிகம் ஈன்றன. வேறு இடங்களில் வேறு ஆய்வாளர்கள் எதிர்மாறாகவும் கண்டிருக்கிறார்கள். அதே இனத்துக்குள்ளேயே விடை இடத்துக்கு இடம் மாறியது.

தந்தையின் பங்கு

வெகுகாலம் ஆய்வாளர்கள் தாயை மட்டுமே பார்த்தார்கள். 2006இல் ஸ்பெயினின் மொன்செராட் கொமெண்டியோ குழு பார்வையைத் திருப்பியது. உடல்நிலை ஒத்த செம்மான் பிணைகளுக்கு வெவ்வேறு ஆண்களின் விந்தைச் செயற்கை முறையில் செலுத்தினார்கள். கருத்தரிக்கச் செய்யும் திறன் கூடிய ஆண்களுக்கு மகன்கள் அதிகம், திறன் குறைந்தவற்றுக்கு மகள்கள் அதிகம். வலிமையும் வளமும் மகனுக்குக் கடத்தத் தக்க சொத்து என்றால், தந்தையின் பக்கமிருந்தும் விகிதம் சாய இடமிருக்கிறது.

நோர்வேயின் வேகா தீவில் மூஸ் மான்களை வைத்துப் பெர்ன்ட்-எரிக் சேத்தரும் குழுவினரும் செய்த பரிசோதனை 2004இல் வெளியானது. முதிர்ந்த ஆண்களை அகற்றி, இளம் ஆண்களே இணைசேரும்படி விட்டபோது ஆண்குட்டிகளின் பங்கு குறைந்தது. ரெயின்டீர் மான்களிலும் பருமனான தந்தைகளுக்கு மகன்கள் கூடுவதாக 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. கொம்புக்காகப் பெரிய ஆண்களைத் தேடிச் சுடும் வேட்டை, அடுத்த தலைமுறையின் பால் விகிதத்தையும் தொட்டுவிடக்கூடும் என்பதே இந்த ஆய்வுகளின் உட்பொருள்.

இணைசேரும் நேரமும் கணக்கில் வருகிறது. வெர்மி, ஜோன் ஒசோகாவுடன் 1981இல் வெளியிட்ட ஆய்வில், வேட்கைக் காலத்தின் தொடக்கத்தில் சேர்ந்த வெண்வால் பிணைகளுக்குப் பெண்குட்டிகளும், கடைசியில் சேர்ந்தவற்றுக்கு ஆண்குட்டிகளும் கூடுதலாகப் பிறந்ததாகச் சொன்னார். ஆண்கள் அருகிப்போன காட்டில் பிணை காத்திருக்க நேரும். காத்திருந்தால் நேரம் பிந்தும். அப்படியானால் ஆண் பஞ்சமே ஆண்குட்டிகளைக் கூட்டிவிடும் வாய்ப்பும் உண்டு. வேகா தீவின் முடிவோடு இதைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் எதிரெதிராக இழுப்பது தெரியும்.

உடலுக்குள் இது எப்படி நடக்கிறது? முன்வைக்கப்பட்ட வழிகளில் வலுவானது இரத்தத்திலுள்ள குளுக்கோஸ். எலிசா கமரன் 2004இல் பல பாலூட்டி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்தரிக்கும் நாட்களை ஒட்டித் தாயின் உடல்நிலையை அளந்த ஆய்வுகளே டிரிவர்ஸ், வில்லார்ட் கருத்தை அதிகம் ஆதரித்தன. தொடக்க நாட்களில் குளுக்கோஸ் மிகுந்த சூழலில் ஆண் கருக்கள் மேலும் நன்றாகத் தேறுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். எலிகளில் குளுக்கோஸைக் குறைத்துப் பார்த்தபோது மகன்களின் பங்கும் குறைந்தது. முட்டையைச் சுற்றியுள்ள திரவத்தின் டெஸ்டொஸ்டெரோன் அளவு, தாயின் மன அழுத்த ஹோர்மோன்கள் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

எண்களின் ஏமாற்று

இவ்வளவு ஆய்வுகள் இருந்தும் ஒரு பொது விதி ஏன் கைக்கு வரவில்லை? முதற் காரணம் எளிய கணக்கு. உண்மை விகிதம் சரிபாதியாக இருக்கும் கூட்டத்தில் 100 குட்டிகளை எண்ணினால், வெறும் தற்செயலாலேயே ஆண்கள் 40 முதல் 60 வரை வரலாம். 1,000 குட்டிகளை எண்ணினால்தான் அந்த இடைவெளி 470 முதல் 530 ஆகச் சுருங்கும். காட்டில் 1,000 குட்டிகளைப் பிடித்துப் பால் பார்ப்பது ஒரு தலைமுறை வேலை. சிறிய கணக்கெடுப்பில் கிடைக்கும் 58 வீதம், 44 வீதம் என்பவை பல வேளை வெறும் தற்செயல்தான்.

இரண்டாவது காரணம் மனித இயல்பு. வித்தியாசம் கண்ட ஆய்வு இதழில் ஏறுகிறது, பாதிக்குப் பாதி என்று கண்ட ஆய்வு மேசைக்குள் தூங்குகிறது. மார்கோ ஃபெஸ்டா-பியாங்கே 1996இல் இதையே வெளிப்படையாகக் கேட்டார். பாலூட்டிகளின் பால் விகித ஆய்வுகள் வெளியாவது தரத்தாலா, முடிவின் திசையாலா?

கிடைத்த எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 2004இல் பென் ஷெல்டனும் ஸ்டுவர்ட் வெஸ்டும் குளம்புள்ள விலங்குகளைப் பற்றி ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். தாயின் நிலை உயர உயர மகன்கள் கூடும் போக்கு உண்மைதான், ஆனால் அது மெல்லியது. கருத்தரிப்புக்கு முன்னர் தாயின் நிலை அளக்கப்பட்ட ஆய்வுகளிலும், ஆண் பெண்ணைவிட மிகப் பருமனான இனங்களிலும் அது சற்று வலுக்கிறது. இன்றுவரை நிற்கும் நியாயமான சுருக்கம் இதுதான். தாயின் உடல்நிலை, நெரிசல், மகள்களின் போட்டி, தந்தையின் வளம், இணைசேரும் நேரம், கருவின் இழப்பு எல்லாம் விகிதத்தைச் சற்றே சாய்க்கின்றன. எந்த இடத்தில் எது மேலோங்கும் என்பதை அந்த இடத்தின் தீனியும் பருவமும் கூட்ட வாழ்க்கையும் முடிவு செய்கின்றன.

வரண்ட வலயத்தின் இரட்டைப் பருவம்

இந்த இடத்தில் புத்தளம் கரையின் மான்களுக்குத் திரும்பலாம். வில்பத்தின் பெரிய பாலூட்டிகளை ஐசன்பேர்க்கும் லொக்ஹார்ட்டும் ஆராய்ந்து 1972இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். யால தேசிய பூங்காவில் புள்ளிமான் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேய்வதை பாலசுப்பிரமணியம், சாள்ஸ் சந்தியாப்பிள்ளை, சேம்பர்ஸ் ஆகியோர் 1980இல் பதிவு செய்தார்கள். இலங்கையின் வரண்ட வலய மான் எப்படி வாழ்கிறது என்பதற்கான அடிப்படை இவற்றில் இருக்கிறது. அந்த வாழ்க்கை ரம் தீவிலிருந்து மூன்று வகையில் வேறுபட்டது.

முதலாவது, கூட்டம். ரம் தீவுப் பிணை தன் உறவுகளோடு ஒரே மேய்ச்சல் நிலத்தில் வருடக்கணக்கில் வாழ்வதால் யார் மேல், யார் கீழ் என்பது நிலைக்கிறது. புள்ளிமான் கூட்டமோ காலையில் சேர்ந்து மாலையில் பிரியும். தாயோடு குட்டி நிற்கும், மற்றவை மாறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட கூட்டத்தில் பதவியை வைத்து மகனா மகளா என்று கணிப்பதற்கு இடம் குறைவு. தாயின் அன்றைய கொழுப்பே கூடுதலாகப் பேச வேண்டும்.

இரண்டாவது, பருவம். செம்மான் ஒக்டோபரை ஒட்டி இணைசேர்ந்து ஜூனை ஒட்டி ஈனும். எல்லாத் தாய்களுக்கும் ஒரே வரிசைதான். கோடைப் புல்லில் கொழுத்த உடலோடு கருத்தரித்து, குளிர்காலத்தை வயிற்றில் சுமந்து, வசந்தம் முடியும் வேளையில் ஈன வேண்டும். புள்ளிமானின் ஆண்களோ ஒரே காலத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை, இனப்பெருக்கம் வருடம் முழுவதும் நடக்கிறது. சினைக்காலம் ஏறத்தாழ ஏழரை மாதம். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் தையில் பச்சைப் புல் உண்டு கருத்தரித்த பிணை, வைகாசி முதல் நீளும் வறட்சியைச் சினையோடு கடந்து ஆவணி, புரட்டாதியில் ஈனும். ஆடி மாதத்து வறட்சியில் மெலிந்த உடலோடு கருத்தரித்த பிணையோ மழைக்காலப் புல்லை உண்டு சினையை வளர்த்துப் பங்குனி வாக்கில் ஈனும்.

கோட்பாடுகள் இரண்டும் இங்கே மோதுகின்றன. கருத்தரிக்கும்போது தாயின் உடல்நிலையே முக்கியம் என்றால் தையில் கருவான குட்டிகளில் மகன்கள் கூட வேண்டும். ஆண் கருவின் இழப்பே முக்கியம் என்றால் அதே குட்டிகளில்தான் மகன்கள் குறைய வேண்டும், ஏனென்றால் அவை வறட்சியை வயிற்றுக்குள் கடக்கின்றன. ரம் தீவில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம், அங்கே எல்லாக் குட்டிக்கும் ஒரே நாட்காட்டி. வில்பத்திலோ யாலவிலோ இரண்டு நாட்காட்டிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன.

மூன்றாவது, நெரிசல். வறட்சி முற்றும்போது வற்றாமல் எஞ்சும் வில்லுகளைச் சுற்றி மானும் மரையும் எருமையும் குவிகின்றன. காட்டின் விளிம்பில் கட்டாக்காலி மாடுகளும் அதே புல்லுக்கு வாய் வைக்கின்றன. மொத்தக் காட்டின் எண்ணிக்கை மாறாமலே, தீனிக்கான நெரிசல் வருடத்துக்குள் ஏறி இறங்குகிறது. ரம் தீவில் பல வருடங்களில் கூடிய நெரிசல் இங்கே ஒரே வருடத்துக்குள் வந்துபோகிறது.

இலங்கையில் இப்படி நீண்ட காலம் பொறுத்துப் பார்த்த ஆய்வுக்கு முன்மாதிரியும் உண்டு. பொலன்னறுவையில் 1968 முதல் செங்குரங்குகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்த வொல்ஃப்காங் டிட்டஸ், 1998இல் அவற்றின் பிறப்புப் பால் விகிதத்தை ஆராய்ந்தபோது தாயின் உடல்நிலையையும் உறவினரிடையே நடக்கும் போட்டியையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார். டிரிவர்ஸ் ஒரு பக்கம், கிளார்க் மறுபக்கம் என்று கட்சி கட்டாமல் இரண்டையும் ஒரே கூட்டத்தில் சோதித்தது அந்த ஆய்வின் சிறப்பு.

மானுக்கு இதைச் செய்வது குரங்கைவிடக் கடினம். புதருக்குள் ஒளிந்து கிடக்கும் குட்டியைத் தேடிப் பிடிப்பதே சிரமம். ஆனால் இன்று குட்டியைப் பிடிக்காமலே வேலை நடக்கும். புற்றரையில் கிடக்கும் புதிய புழுக்கையிலிருந்து மரபணுவை எடுத்து ஆணா பெண்ணா என்று சொல்லலாம், தாயும் தந்தையும் யார் என்றும் தேடலாம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு ஒரு பல்கலைக்கழகக் குழு இரண்டு பருவத்திலும், அதாவது ஆவணி, புரட்டாதியிலும் பங்குனி, சித்திரையிலும், சிறு குட்டிகளின் புழுக்கையைச் சில நூறாவது சேர்த்தால், தையில் கருவானவற்றுக்கும் ஆடியில் கருவானவற்றுக்கும் பால் விகிதம் வேறுபடுகிறதா என்று பார்க்க முடியும். தந்தைகளின் அடையாளமும் சேர்ந்து கிடைப்பதால், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை மீறி இறைச்சிக்குச் சுடப்படும் ஆண்மான்களின் இழப்பு, இளம் தந்தைகளின் பங்கை எவ்வளவு கூட்டியிருக்கிறது என்பதையும் அதே மாதிரிகளிலிருந்து கணக்கிடலாம். இலவன்குளம் பக்கமிருந்து பூங்காவின் உட்பகுதி வரை, வேட்டை அழுத்தம் கூடிய இடத்தையும் குறைந்த இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வில்பத்தின் பரப்பு போதும்.